ஓரியூருக்குப் புறப்படும் முன் தீர்க்க வேண்டிய கணக்கு

புனித அருளானந்தரின் திருத்தலமான ஓரியூர் என்றதும் பிப்ரவரித் திருவிழாதான் எல்லோருக்கும் நினைவு வரும். தேர் பார்க்க அது நல்ல நாள், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு அவ்வளவு நல்ல நாளல்ல. வரிசை நீளும், பின்னால் நிற்பவரின் மூச்சு கழுத்தில் படும், சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு எழுந்துவிடுவோம். மனந்திரும்புதலுக்காகவே போகிறவர்கள் பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய தவக்காலத்தில் ஒரு சாதாரண வாரநாளைத் தேர்ந்துகொள்வது மேல். குருவானவர் இருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டிக்கு வடக்கே, எஸ்.பி. பட்டினம் பக்கமிருந்து மேற்கே உள்ளே போனால் பாம்பாற்றுக் கரையில் ஊர். கருவேலங்காட்டைத் தாண்டி வருகிறவர்களுக்கு அந்தச் செம்மண் சட்டென்று கண்ணில் படும். போர்ச்சுகலிலிருந்து வந்த குரு புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். அவர் இரத்தத்தில் சிவந்த மண் என்பது மக்களின் நம்பிக்கை. அந்த ஆண்டு பாஸ்கா மார்ச் 22-இல் வந்தது. பாஸ்கா அதைவிட முந்தி வரவே முடியாது. அங்கிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் பிப்ரவரி 4, புதன்கிழமை. ஆக அவர் இறந்தது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று.

எதற்காக வெட்டினார்கள் என்பதும் நம் விஷயத்தைச் சேர்ந்ததுதான். நோயிலிருந்து குணமான மறவர் தலைவர் தடியத்தேவர் திருமுழுக்குக் கேட்டார். மூத்த மனைவி தவிர மற்றவர்களைப் பிரிய வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் சம்மதித்தார். பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரான கடலாயி, இராமநாதபுரத்து மன்னர் ரகுநாத கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அரண்மனையில் போய் முறையிட்டார், குரு கைதானார். இந்தக் கதையைச் சொல்லும்போது கடலாயியை வில்லியாக்கிவிடுவது வழக்கம். ஆனால் ஒரு ஆண் மனந்திரும்பியதற்கு விலை கொடுத்தவர்களில் அவரும் உண்டு. விலக்கிய பெண்களைச் சகோதரிகளாக வைத்துக் காப்பதாகத் தேவர் வாக்களித்தார் என்றும் சொல்வார்கள். அந்த வாக்கு இல்லாவிட்டால் அது அரைகுறை மனமாற்றம்தான்.

பழைய செபப் புத்தகங்களில் மனந்திரும்பி வருந்துவதற்கு ‘மனஸ்தாபம்’ என்று பெயர். ஊர்ப்பேச்சில் மனஸ்தாபம் என்றால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிற்று என்று அர்த்தம். ஞானோபதேசத்தில், அதாவது மறைக்கல்வியில், அது கடவுளை நோகடித்ததற்காக நெஞ்சு வருந்துவது. இரண்டும் ஒரே சொல்லாக அமைந்தது நல்லதுதான், ஏனென்றால் இரண்டாவதைச் சொல்ல வருகிறவர் முதலாவதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:23-24. நம் ஊரில் வரிசை தலைகீழ். மொட்டை, ஆடு, மெழுகுவர்த்தி எல்லாம் முதலில். அண்ணன் வீட்டு வாசல்படி கடைசியில், அல்லது எப்போதும் இல்லை.

ஆகையால் செய்த பாவங்களை நினைத்துப் பார்க்கும் ஆத்தும சோதனையைப் பேருந்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தின இரவு வீட்டிலேயே, ஒரு தாளில் குறித்துக்கொண்டு செய்யுங்கள். ‘பொய், கோபம், பொறாமை’ என்று மூன்று சொல்லோடு முடிக்கிறவர்கள்தான் அதிகம். சாவான பாவமென்றால், அதாவது கனமான பாவமென்றால், எது, ஏறக்குறைய எத்தனை முறை என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கடற்கரையில் அதை இப்படிக் கேட்டுக்கொள்ளலாம். டீசலும் ஐஸும் கழித்துப் பங்கு பிரிக்கையில் செலவைக் கூட்டி எழுதினேனா? கருவாட்டை ஈரம் காயாமல், உப்போடு சேர்த்து எடை போட்டேனா? தடை செய்யப்பட்ட கடலட்டையை வாங்கிக் கைமாற்றினேனா? இரவில் இழுவை வலையில் நாட்டுப்படகுக்காரர் வலை சிக்கியது தெரிந்தும் அறுத்துவிட்டு வந்தேனா?

கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. மன்னிப்புக் கிடைத்தாலும் வலை தைத்துக்கொள்ளாது. ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சக்கேயு சொன்னார். அவ்வளவு வேண்டாம், போன அளவுக்காவது ஈடு செய்தாக வேண்டும். அறுபட்ட வலை யாருடையது என்று தெரியாவிட்டால் அந்தக் கரையின் ஊர்த் தலைவர் மூலம் விசாரிக்கலாம். நேரில் போனால் சண்டையாகுமென்றால், பெயர் வெளிவராமல் ஒருவர் கையில் கொடுத்தனுப்பலாம். ஆள் கிடைக்கவே இல்லையென்றால் அந்தத் தொகை ஏழைகளுக்கு. கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன் என்பது சரிவராது. வலைக்காரருக்குச் சேர வேண்டிய பணத்தில் அருளானந்தருக்கு நேர்த்திக்கடன் கழிக்க முடியாது. முழுத் தொகையும் கையில் இல்லையா? தவணை பேசலாம், தேதி மட்டும் சொல்லிவிட வேண்டும்.

குரு அமர்ந்து கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அதிக நேரம் எடுக்காது. சிலுவை அடையாளம், கடைசியாகச் செய்து எத்தனை மாதமாயிற்று என்பது, பிறகு பாவங்கள். இங்கே அடிக்கடி நடக்கும் பிசகு, மருமகளின் பாவத்தையும் மச்சானின் பாவத்தையும் விரிவாகச் சொல்வது. ‘அவன் பேசினதாலதான் சாமி நான் கை ஓங்கினேன்’ என்றால் பாதிப் பாவம் அவன் கணக்கில் போய்விடுகிறது. கை ஓங்கினேன் என்பதோடு நிறுத்திவிடுங்கள். குரு சொன்னதைக் கேட்டு, உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லி, பாவமன்னிப்புப் பெற்றதும், பரிகாரமாகக் குரு விதித்த அபராதத்தை அங்கேயே முடித்துவிடுவது நல்லது. ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற ஐந்து அருள்நிறை மந்திரங்கள் பல வருடங்களாகப் பாக்கி நிற்பதுண்டு.

நோன்பைப் பற்றிச் சுருக்கமாக: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒரு நேர முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை சிறிதளவு. 18 வயது நிறைந்தவர் முதல் 59 நிறையும்வரை இது பொருந்தும்; புலால் தவிர்ப்பு 14 நிறைந்தவர்களுக்கு. சட்டப்படி மீன் இதில் அடங்காது. ஆனால் மீன்பிடி ஊரில் இறைச்சியை விட்டுவிட்டு வஞ்சிரக் குழம்பு வைத்தால் எதை விட்டோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

சிறையில் கரியைக் கரைத்து அருளானந்தர் கடைசிக் கடிதம் எழுதினார் என்று சொல்லப்படுகிறது. அவர் கொல்லப்பட்ட இடத்தில் நின்று செபிக்க அரைமணி நேரம் ஒதுக்குங்கள். செம்மண் எடுப்பவர்கள் ஒரு சிட்டிகை எடுத்தால் போதும், பையில் அள்ள வேண்டாம். அதை வீட்டில் மாதா படத்தடியில் வைக்கிறவர்கள் பக்கத்திலேயே அந்தத் தாளையும் மடித்து வைக்கிறார்கள். பாவங்கள் எழுதிய பகுதியைக் கிழித்து எரித்துவிடலாம். யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதிய பகுதியைக் கடைசித் தவணை கட்டும்வரை வைத்திருங்கள்.