பந்தலுக்குப் பின்பக்கம் எனக்கு டியூட்டி

தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பான் கார்டு என்று ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தே பிழைப்பு ஓடுகிறது. அப்படிப்பட்ட நான், எனக்கென்று ஒரு படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முழித்தேன். நாகர்கோவிலில் நடக்க இருக்கும் மூன்று நாள் கலை விழாவுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய படிவம்.

முதல் சிக்கல் வயது. 18 முதல் 35 வரைதான் தேர்ந்தெடுக்க முடிந்தது. எனக்கு 44. கல்லூரிப் பிள்ளைகளுக்கானது போல என்று மூடப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று கீழே இருந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டேன். "அக்கா, அது நாங்க யோசிக்காம போட்டது. 35ன்னே தட்டி விடுங்க, பாத்துக்கலாம்" என்றாள் ஒரு பிள்ளை. ஒன்பது வயது குறைந்ததில் எனக்கென்ன நஷ்டம்?

புகைப்படத்தை 50 கேபிக்குள் சுருக்குவதெல்லாம் என் தொழில். மாட்டிக்கொண்டது கடைசிக் கேள்வியில். ஏன் தன்னார்வலராக வர விரும்புகிறீர்கள், 100 சொற்களுக்குள். கடைக்கு வருகிறவர்களுக்கு என்றால் 'சமூக சேவையில் ஆர்வம்' என்று யோசிக்காமல் தட்டிவிடுவேன். எனக்கு அப்படிப் போட மனம் வரவில்லை. நடந்ததையே எழுதினேன்.

எட்டு வயதிருக்கும். ஊர் முக்கில் தோல்பாவைக் கூத்து, ஆட்டுத்தோல் பொம்மைகளின் நிழலைத் திரையில் ஆட்டிக் கதை சொல்வது. பத்து நாள் ராமாயணம். எல்லாரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, நான் தட்டியை விலக்கிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ராமனுக்கும் ராவணனுக்கும் ஒரே ஆள்தான் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடித்துக்கொண்டு சிரிக்க வைத்ததும் அவரே. சட்டை இல்லை, முதுகெல்லாம் வியர்வை. பக்கத்தில் அவர் வீட்டம்மா ஆர்மோனியம். பாவைப் பெட்டியை ஒட்டி ஒரு கைக்குழந்தை அசந்து தூங்கியது. இடையில் தண்ணீர் கேட்கும்போது வீட்டம்மாவிடம் அவர் பேசியது தமிழே இல்லை. இந்தக் கூத்துக் குடும்பங்கள் வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றிலிருந்து எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் பின்பக்கம் என்ன நடக்கிறது என்றுதான் பார்க்கத் தோன்றும். இதை எழுதி அனுப்பினேன். 100 சொல்லைத் தாண்டியதும் படிவம் மறுத்துவிட்டது. கைக்குழந்தையை வெட்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நேர்காணலுக்கு அழைத்தார்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு ரசவடையும் டீயும் முடித்துவிட்டுப் போனேன். பள்ளி வகுப்பறை, குட்டி பெஞ்ச், சுற்றிலும் என் மகன் வயதுப் பிள்ளைகள். மலையாளம் தெரியுமா என்று கேட்டார்கள். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்க்காரியிடம் கேட்கிற கேள்வியா! எங்கள் பாட்டி கணக்கு போடுவதே மலையாளத்தில்தான்.

அடுத்த கேள்வியில் தடுமாறினேன். கூட்டத்தில் ஒரு குழந்தை தனியாக அழுதுகொண்டு நின்றால் என்ன செய்வீர்கள்? மைக்கில் பெயரைச் சொல்லி அறிவிப்போம் என்றேன். கூடாதாம். பெயர் காதில் விழுந்தால் யார் வேண்டுமானாலும் வந்து பிள்ளையைக் கூப்பிட முடியும். குழந்தையோடு அதே இடத்தில் நிற்க வேண்டும், கட்டுப்பாட்டு மேசைக்கும் போலீசுக்கும் தகவல் சொல்ல வேண்டும், தேடி வருகிறவரிடம் பெயர், உடை, அடையாளம் எல்லாம் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். இத்தனை வருடம் கோயில் திருவிழாக்களில் மைக்கில் பெயர் கேட்டே வளர்ந்தவள் நான். இது உறைக்கவே இல்லை.

பயிற்சி நாளில் கொடுத்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. வில்லுப்பாட்டுக்கு 40 நிமிடம், கோலடித்து ஆடும் களியலுக்கு 20, மகுடம் என்ற பறை அடித்து ஆடும் கணியான் கூத்துக்கு 30. கோயில் கொடையில் விடிய விடியப் பாடுகிற வில்லுப்பாட்டை 40 நிமிடத்தில் எப்படி முடிப்பது? குடத்தில் அடி விழுந்து, உடுக்கு சூடாகி, பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டு ஆள் கதைக்குள் இறங்கவே அரை மணி வேண்டும். வில்லுப்பாட்டிலும் பேர் வாங்கிய கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில், வில்லுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா என்று கையைத் தூக்கிக் கேட்டுவிட்டேன். சிரித்தார்கள். நிரல் மாறவில்லை.

எனக்கு விழுந்தது வாகன நிறுத்தம். முகம் தொங்கிப்போய் நிற்கையில், தோல்பாவை மேடை டியூட்டி விழுந்த ஒரு பையன், "அக்கா, என் கூட்டாளிமாரெல்லாம் பார்க்கிங்ல நிக்கானுவ, மாத்திக்கலாமா?" என்றான். அவன் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

போன சனிக்கிழமை இடத்தைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். மேடைக்குக் கால் நட்டாயிற்று. அண்ணாந்து பார்த்தால் நேர் மேலே உயர்கோபுர விளக்கு. நிழல் கூத்துக்கு இருட்டு வேண்டும். ஆட்டுத்தோலுக்குப் பின்னால் எரிகிற வெளிச்சத்தில்தான் அந்தச் சாயமும் துளையும் திரையில் விழும். முன்னால் இருந்து வெளிச்சம் அடித்தால் திரையாகக் கட்டிய வெறும் வேட்டிதான் தெரியும். மின்காரரிடம் கேட்டால், "மைதானம் பூரா ஒரே சுவிட்சு, இதை மட்டும் அணைக்க ஒக்காது" என்றார். ஒருங்கிணைக்கிற பிள்ளை கலங்கிப்போய் என்னைப் பார்த்தாள். "பந்தல்கார அண்ணனைக் கூப்பிடு மக்களே" என்றேன். அவர் வந்து, சுற்றி நடந்து, மேடையைக் கிழக்கே திருப்பி, மேலேயும் இரண்டு பக்கமும் கறுப்புத் துணி இழுத்து, பார்க்கிறவர்களும் அந்த நிழலுக்குள்ளேயே உட்காரும்படி செய்யலாம் என்றார். நட்ட கால்களைப் பிடுங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் முனகினார். அன்று சாயங்காலமே துணியை ஒரு பக்கம் கட்டிக் காட்டினார்கள். என் கையை விளக்குக்கு முன்னால் நீட்டிப் பார்த்தேன். ஐந்து விரலும் தனித்தனியாகத் திரையில் விழுந்தன.

கணியான் கூத்து மகுடத்தின் தோலை முறுக்கேற்ற நெருப்பு காட்ட வேண்டும் என்பது இன்னொரு பஞ்சாயத்து. மைதானத்தில் தீயே கூடாது என்றார்கள். கடைசியில் மதிலுக்கு வெளியே ஒரு இரும்புச் சட்டி, பக்கத்தில் இரண்டு வாளி மணல் என்று முடிந்தது.

அடையாள அட்டை நேற்று வந்தது. என் இனிஷியல் தப்பு. ஐந்து நிமிடத்தில் நானே சரியாக அடித்து லேமினேட் செய்துவிடலாம்தான், ஆனால் அதில் முத்திரை இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். இன்னும் ஒன்பது நாள். கூத்துக்காரர் வந்து இறங்கியதும் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், பெட்டிக்குள் பாவைகளை எந்த வரிசையில் அடுக்குவார் என்று.

'மூன்று நாள் கடை விடுமுறை' என்று இன்று காலை அச்சடித்து ஷட்டரில் ஒட்டினேன். பட்டா நகலுக்கு வந்த பெரியவர் நின்று வாசித்துவிட்டு, "என்ன பிள்ளே, வீட்ல விசேஷமா?" என்றார். ஆமா என்றேன்.