நான்காம் நாள்

கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் ஒரு கால் சென்டரில் நான் டீம் லீடராக இருந்தபோது, என் டீமில் இருந்த ஒரு பெண்ணின் அம்மா தவறிவிட்டார். கிள்ளானில் வீடு. கம்பெனி கொடுத்த லீவு மூன்று நாள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் துக்கத்துக்கென்று தனி விடுப்பு கிடையாது. முதலாளி மனம் வைத்துக் கொடுப்பதுதான். நம் வீடுகளிலோ கருமாதியே 16ஆம் நாள்தான்.

நான்காம் நாள் காலை அவள் வந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. "தைரியமான பொண்ணும்மா நீ" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனேன். அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

இத்தனைக்கும் நான் 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளிக் கதைத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவள். 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1989இல் வந்த 'தி பாண்டிங்' என்ற கதையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 24ஆம் நூற்றாண்டில் நடக்கும் கதை. விண்கப்பலிலிருந்து ஒரு குழு ஒரு கோளில் இறங்குகிறது. அங்கே ஒரு பழைய போரில் புதைத்துவிட்டுப் போன வெடி வெடித்து, கப்பலின் தொல்லியல் அதிகாரியான பெண் இறந்துபோகிறார். அவருடைய 12 வயது மகன் ஜெரமிக்கு அப்பாவும் இல்லை. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரிக்கு இந்தக் கதையில் உடன்பாடில்லை. 24ஆம் நூற்றாண்டு மனிதர்கள் மரணத்தை இயல்பாக ஏற்றுக்கொள்வார்கள், சிறுவன்கூட அழமாட்டான் என்பது அவர் எண்ணம். எழுதியவர்கள் அதையே கதைக்குள் கொண்டுவந்தார்கள். ஜெரமி அழுவதில்லை, அந்த அமைதிதான் பார்க்கிற நம்மைக் கலங்கவைக்கிறது. அந்தக் கோளில் வாழும் வேறொரு உயிரினம் அவன்மேல் இரக்கப்பட்டு, அவன் அம்மாவின் உருவத்திலேயே வந்து நிற்கிறது. பழைய வீட்டையும் அப்படியே காட்டி, வா என்று கூப்பிடுகிறது. அன்று அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போன வோர்ஃப், கிளிங்கன் என்ற வேற்றுக்கோள் இனத்தவர்; சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். ஜெரமியின் கோபம் கடைசியில் அவர்மேல்தான் பாய்கிறது. அவர் அதை வாங்கிக்கொள்கிறார். பிறகு அவனோடு விளக்கேற்றி, தன் இனத்துச் சடங்கு செய்து, அவனைத் தம்பியாகச் சேர்த்துக்கொள்கிறார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், எதிரே ஒருத்தி அதே அமைதியோடு வந்து உட்கார்ந்தபோது எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு வாடிக்கையாளரிடம் அவள் கத்திவிட்டாள். தனியாக அழைத்து, என்ன ஆச்சு என்றேன். "மூணாம் நாள் அம்மா சாம்பலக் கரைச்சிட்டு, மறுநாள் வேலைக்கு வந்தேன். நீங்க தைரியசாலின்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எங்கக்கா அழறது?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் அழுதாள். அவளுக்கு வரவேண்டிய போன் அழைப்புகளை வேறு ஆட்களுக்கு மாற்றிவிடச் சொன்னேன். மேலிடத்தில் கேட்டார்கள். சரி, என் பொறுப்பு என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடும்போது அவளுக்கு ஜெரமியின் கதையைச் சொன்னேன். தோசையைப் பிய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் அவள் அம்மா கடைசியாக அனுப்பிய குரல் பதிவை இன்னும் வைத்திருந்தாள். "சாப்பிட்டியா" என்று கேட்கும், ஐந்தாறு விநாடிதான்.

"அந்தப் பையன் போகலயாக்கா?"

"இல்லம்மா, போகல."

"நீங்களா இருந்தா?"

என் அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. "போயிருப்பேன்" என்றேன்.