துண்டு துண்டாய்ப் போன தெப்பக்குளம்

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தில் இன்று மாலை எடுத்த 3 மெகாபைட் படத்தைச் சென்னையிலுள்ள தங்கைக்கு அனுப்பினேன். அது முழுப் படமாகப் போவதில்லை. பொதுவாக 1,500 பைட்டுக்கு மிகாத 2,000-க்கும் மேற்பட்ட பொட்டலங்களாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றின் முன்பகுதியிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகளும் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டு, வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் (தரவுக்கு வழிகாட்டும் கருவி) அடுத்து எங்கே அனுப்புவது என்பதை மட்டும் முடிவுசெய்ய, தனித்தனியே செல்கிறது. வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை வராத பொட்டலத்தை மட்டும் அனுப்பும் முனை மீண்டும் அனுப்ப, பெறும் முனை எண்படி அடுக்கிக்கொள்கிறது.

பழைய தொலைபேசி இணைப்போ, பேச்சு முடியும்வரை ஒரு தடத்தையே பிடித்து வைத்திருக்கும். ஒரு தேருக்காக மாசி வீதியை மறிப்பதைப் போல (தேருக்கு அது தகும், தரவுக்குத் தகாது). 1960-களில் அமெரிக்காவின் பால் பாரனும் பிரிட்டனின் டொனால்ட் டேவிஸும் இப்படிப் பொட்டலங்களாக வெட்டி அனுப்பும் முறையைத் தனித்தனியே கண்டுபிடித்தனர். பொட்டலத்துக்கு 'பாக்கெட்' என்று பெயரிட்டவர் டேவிஸ்.

படம் சேர்ந்ததும் தங்கை கேட்டது, குளத்தில் தண்ணீர் எத்தனை படி வரை நிற்கிறது என்பதைத்தான்.