எட்டு நாற்காலி அறையில் ஒருவர்

நான் முன்பு பணியாற்றிய அலுவலகத்தில், கூட்ட அறைகள் போதவில்லை என்ற புகார் ஓயாமல் எழுந்துகொண்டிருந்தது. முன்பதிவு நாட்காட்டியும் அதையே காட்டியதால், இன்னும் இரண்டு பெரிய அறைகளைக் கட்டிவிடலாம் என்று நிர்வாகம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. அதற்கு முன், அனைவரின் சம்மதத்துடன், பெயர் பதியாத புளூடூத் அட்டைகளைச் சில வாரங்கள் அணிந்து, எந்த இடத்தில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தோம். எட்டு நாற்காலிகள் போட்ட அறையில் பெரும்பாலும் ஒருவர்தான் இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பேச வேறு இடமில்லாமல் அங்கே ஒதுங்கியவர் அவர். எங்களுக்குத் தேவைப்பட்டவை ஒருவர் மட்டும் அமரக்கூடிய சிற்றறைகளே.

ஆனால் இத்தரவை அப்படியே நம்பிவிட முடியாது. கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சமிக்ஞை வலுவிழந்துவிடுவதால் வைஃபை, புளூடூத் ஆகியவற்றின் சமிக்ஞை வலிமையைக் கொண்டே இருப்பிடத்தைக் கணிக்கிறார்கள். அதில் சில மீட்டர் பிழை சாதாரணம். அல்ட்ரா வைட்பேண்ட் என்ற இன்னொரு ரேடியோ நுட்பம் இந்தப் பிழையைச் சில பத்து சென்டிமீட்டருக்குக் குறைத்துவிடும், செலவுதான் கூடும். எங்கள் முதல் வாரக் கணக்கில், கண்ணாடிச் சுவருக்கு வெளியே அமர்ந்திருந்தவரெல்லாம் அறைக்குள் இருப்பதாகப் பதிவாகியிருந்தார். மேசையில் மறந்து வைக்கப்பட்ட அட்டை ஒன்று விடிய விடிய வேலை பார்த்தது தனிக்கதை.

அருகருகே இருப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வது இதைவிடப் பெரிய பிழை. பெர்ன்ஸ்டீன், டர்பன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தடுப்புகளை நீக்கித் திறந்தவெளி அலுவலகமாக மாற்றிய இரு நிறுவனங்களில் நேருக்கு நேரான உரையாடல் சுமார் 70 சதவீதம் குறைந்ததை உணரிகள் பொருத்திய அட்டைகளே காட்டின. அங்கே இருப்பிடத்தோடு, யார் யாரை நோக்கி நின்று பேசினார்கள் என்பதும் பதிவானது. எங்களிடம் அந்த வசதி இல்லை.

ஆட்கள் கூடக் கூடச் சிவந்து காட்டும் எங்கள் தளத்தின் வரைபடத்தில் வடக்கு மூலை எப்போதும் செக்கச்செவேலென்று இருந்தது. சோபா போட்டிருந்த இடம் என்பதால், தன் வடிவமைப்பு வென்றுவிட்டதாக வடிவமைப்பாளர் மகிழ்ந்தார். ஒரு நாள் மாலை நானே போய் நின்று பார்த்தேன். சோபா காலியாகக் கிடந்தது. அதை ஒட்டி, லிஃப்டுக்காகப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.