ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் எனக்குப் பிடிபட்ட விதம்

முதல் இன்டர்னலில் ப்ராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்) த்ரெட்டுக்கும் (ஒரு ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) உள்ள வேறுபாட்டை அட்டவணை போட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அடுத்த கேள்வியில் நான்கு வரி சி ப்ரோக்ராம்: அடுத்தடுத்து மூன்று ஃபோர்க் (ஓடும் ப்ராசஸைப் போலவே இன்னொன்றை உருவாக்கும் கட்டளை), கடைசியில் ஒரு ‘ஹலோ’. எத்தனை முறை அச்சாகும்? பேனா நகரவில்லை. விடை 8. ஒவ்வொரு ஃபோர்க்கிலும் இருக்கிற ப்ராசஸ்கள் இரட்டிக்கின்றன, அவ்வளவுதான். வரையறை தெரிந்திருந்தும் அது எனக்குத் தெரியவில்லை.

என் குழப்பத்தின் வேர் வேறு இடத்தில் இருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் எந்நேரமும் பின்னால் நின்று எல்லாவற்றையும் கண்காணிக்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரே கோர் உள்ள சிபியு என் ப்ரோக்ராமை ஓட்டும்போது கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி, ஓடுவதே இல்லை. டைமர் இன்டரப்ட் (கடிகாரம் சிபியுவை இடைமறிப்பது) வந்தாலோ, ப்ரோக்ராம் சிஸ்டம் கால் செய்தாலோ (கெர்னலிடம் உதவி கேட்டாலோ), பேஜ் ஃபால்ட் (தேவையான பேஜ் நினைவகத்தில் இல்லாமல் போவது) போல ஏதாவது நேர்ந்தாலோதான் கட்டுப்பாடு கெர்னலுக்குப் போகும். அதனால் எந்தப் பாடத்தை எடுத்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: இந்த நொடியில் சிபியு யாருடைய கட்டளையை ஓட்டுகிறது?

இந்தக் கேள்வியோடு ரேஸ் கண்டிஷனைப் பாருங்கள்: எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும் நிலை. கவுண்டரில் ஒன்று கூட்டுவது சி மொழியில் ஒரே வரி. ஆனால் படி, கூட்டு, திரும்ப எழுது என்று மூன்று வேலையாக அது நடக்கலாம். கவுண்டரில் 5 இருக்கிறது. முதல் த்ரெட் 5-ஐப் படித்ததும் டைமர் அடிக்கிறது. இரண்டாவது த்ரெட்டும் 5-ஐப் படித்து, 6 என்று எழுதுகிறது. முதலாவது திரும்பி வந்து, கையில் வைத்திருந்த 5-உடன் ஒன்று கூட்டி, அதுவும் 6 என்றே எழுதுகிறது. ஒரு கூட்டல் காணாமல் போய்விட்டது. இரண்டு த்ரெட்டும் ஆளுக்குப் பத்து லட்சம் முறை கூட்டும்படி நீங்களே எழுதி ஓட்டிப் பாருங்கள். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள், இல்லையென்றால் லூப்பே மறைந்து சரியான விடை வந்து ஏமாற்றும். ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு எண் வந்ததைப் பார்த்த அன்றுதான் மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு, எதற்கு என்று எனக்கு உறைத்தது.

பேஜிங் கணக்குக்குப் பயமே வேண்டாம். ப்ரோக்ராமின் முகவரிகளைச் சம அளவுத் துண்டுகளாக (பேஜ்) வெட்டி, நினைவகத்தில் அதே அளவுள்ள இடங்களில் (ஃப்ரேம்) வைப்பதுதான் பேஜிங். பேஜ் அளவு 4096 பைட், முகவரி 20000 என்றால், வகுத்தால் ஈவு 4, மீதி 3616. நான்காம் எண் பேஜ் எந்த ஃப்ரேமில் இருக்கிறது என்று பேஜ் டேபிளில் பார்க்க வேண்டும், மீதி அப்படியே இருக்கும். பேஜ் ரீப்ளேஸ்மென்டில் (ஃப்ரேம்கள் நிரம்பியதும் எந்தப் பேஜை வெளியேற்றுவது என்ற கணக்கு) 1,2,3,4,1,2,5,1,2,3,4,5 என்ற பேஜ் வரிசையை ஃபிஃபோ முறையில் (முதலில் வந்தது முதலில் வெளியேறும்) ஒருமுறையாவது கையால் போடுங்கள். 3 ஃப்ரேமில் 9 ஃபால்ட், 4 ஃப்ரேமில் 10. நினைவகம் கூடியும் ஃபால்ட் கூடுகிறது! பெலாடி முரண் என்ற பெயரை அதன்பின் மறக்கவே மாட்டீர்கள்.

டிஸ்க் ஷெட்யூலிங்கும் (டிஸ்க் கோரிக்கைகளை எந்த வரிசையில் முடிப்பது) பேங்கர்ஸ் அல்காரிதமும் (டெட்லாக் எனும் முடக்கத்தைத் தவிர்க்கும் முறை) ஒரு மாலையில் முடிந்துவிடும்.

ப்ராசஸ்களுக்கு முறைவைத்துச் சிறிது நேரம் (குவான்டம்) சிபியு தரும் ரவுண்ட் ராபினில் மட்டும் கவனம் தேவை. ஒரு ப்ராசஸின் குவான்டம் முடிகிற அதே நேரத்தில் புது ப்ராசஸ் வந்தால் வரிசையில் யார் முன்னால்? புதிதாக வந்ததை முன்னால் வைப்பதுதான் பெரும்பாலான வழக்கம். எதை எடுத்தாலும், கான்ட் சார்ட்டுக்கு (எந்த நேரத்தில் எந்த ப்ராசஸ் ஓடியது என்ற படம்) மேலே அதை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.