விசிறித் தடங்கள்: டர்பனில் பழைய டிரைவ்-இன்களைத் தேடிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி இருந்த, காரில் இருந்தபடியே படம் பார்க்கும் பழைய டிரைவ்-இன் திரையரங்குகளை வரைபடத்தில் குறிக்கும் வேலை ஒருவழியாக ஒரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. எங்கே இருந்தது, எந்தக் காலத்தில் ஓடியது, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வருகிறேன். இனப்பிரிவினைக் காலத்தில் எந்த வாசல் வழியாக யாரை உள்ளே விட்டார்கள் என்பதையும் சேர்த்துக் குறிக்கிறேன். இந்த வேலையில் என்னை இழுத்ததே அதுதான்.

கிரே தெருப் பக்கத்து பயஸ்கோப்புகளை, அதாவது பழைய சினிமாக் கொட்டகைகளைப் பற்றி டர்பன் இந்தியர்களான நம் வீடுகளில் யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவலான், ஷாஜஹான் என்று பெயர்கள் தானாக வரும். அவை கட்டடங்கள், படம் பிடித்தார்கள், புத்தகங்களில் போட்டார்கள். டிரைவ்-இன் அப்படி இல்லை. ஒரு திரை, ஒரு புரொஜெக்டர் அறை, சிற்றுண்டிக் கடை, மீதி எல்லாம் வெறும் மண். மூடிய மறுவருடம் திரையைக் கழற்றிவிட்டால் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நம்மவர்கள் போன டிரைவ்-இன்களைப் பற்றி அச்சில் இருப்பது இன்னும் குறைவு. ஆக எனக்குக் கிடைத்த வழி இரண்டு: மேலிருந்து எடுத்த படங்கள், வயதானவர்களின் நினைவு.

முதலில் மேலிருந்து எடுத்த படங்கள். தென்னாப்பிரிக்க அரசின் நில அளவைத் துறை 1930களிலிருந்து நாடு முழுவதையும் விமானத்திலிருந்து படம் எடுத்து வருகிறது. அலுவலகம் கேப்டவுன் மோபிரேயில் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் வேலை எண், பட்டை எண் (விமானம் ஒரே நேர்கோட்டில் பறந்து எடுத்த படவரிசை ஒரு பட்டை), பட எண் உண்டு. டர்பனுக்கு 1:50,000 வரைபடத் தாள்கள் இரண்டு வேண்டும்: நகரமும் கடற்கரையும் 2931 சிசி, சாட்ஸ்வர்த் உள்ளிட்ட மேற்குப் பக்கம் 2930 டிடி. இந்த எண்களைத் தெரிந்துகொண்டு கேட்டால் தேடுவது எளிது. வரைபடத் தாளிலேயே சில இடங்களில் ‘டிரைவ்-இன்’ என்று எழுதியிருக்கும். ஆனால் தாள் புதுப்பிக்கப்படுவதற்குள் திறந்து மூடியவையும் உண்டு. அதனால் படங்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

படத்தில் எதைத் தேடுவது? இதற்கு டிரைவ்-இன் பிறந்த கதையே விடை சொல்கிறது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து கேம்டன் நகரில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் 1933 ஜூன் 6ஆம் தேதி முதல் டிரைவ்-இன்னைத் திறந்தார். அதற்கு மூன்று வாரம் முன்பு, மே 16 அன்று, காப்புரிமையும் வாங்கியிருந்தார். திரையை நோக்கி வளைந்த வரிசைகள், காரின் மூக்கு கொஞ்சம் மேலே தூக்கி நிற்கும்படி ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மேடு. அவர் காப்புரிமை கேட்டது இந்த அமைப்புக்குத்தான். பின்னால் அமெரிக்க நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் உலகம் முழுக்க எல்லோரும் கட்டியது அதே அமைப்பைத்தான். மேலிருந்து பார்த்தால் அது விரித்த விசிறி. கைப்பிடி இருக்கும் இடத்தில் திரை, மடிப்புகள் இருக்கும் இடத்தில் கார் வரிசைகள்.

ஆனால் விசிறி படத்தில் மிகச் சிறியது. 1:30,000 அளவில் எடுத்த படம் என்றால், ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் 30 மீட்டர். 250 மீட்டர் அகலமான டிரைவ்-இன் படத்தில் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் வரும். இரண்டு வரிசைகளுக்கு நடுவே 12 மீட்டர் என்று வைத்தால் 0.4 மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்கு இது ஒரு சாம்பல் நிறக் கறை. அங்குலத்துக்கு 1200 புள்ளி அளவில் ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.6 மீட்டர் ஆகிறது. அப்போது வளைவுகள் பிரிந்து தெரிகின்றன. குறைந்த அளவில் ஸ்கேன் செய்த படங்களைப் பார்த்து ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டவே கூடாது.

நம் ஊருக்கு மட்டும் உள்ள தனித் தொல்லை கரும்பு. டர்பனுக்கு வடக்கிலும் தெற்கிலும் சரிவுகளில் மண் அரிக்காமல் இருக்க, மேட்டின் வளைவை ஒட்டிக் கரும்பை வரிவரியாக நடுவார்கள். பழைய படங்களில் அந்த வரிகள் அச்சு அசலாக விசிறி மாதிரியே தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாகக் கோடு இழுத்துப் பார்ப்பது இதற்கு நல்ல வழி. டிரைவ்-இன் என்றால் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில், அதாவது திரையில், போய்ச் சேரும். கரும்பு என்றால் மலைச்சரிவு போன போக்கில் ஆளுக்கொரு திசையில் போகும். பிறை வடிவத் தெருக்களையும் விளையாட்டுத் திடல்களையும் இதே சோதனை கழித்துவிடுகிறது.

அப்புறம் திரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் சரிபார்க்கலாம். மாலை வெயில் திரையில் விழுந்தால் படம் வெளுத்துப்போகும். அதனால் திரையின் முகம் பெரும்பாலும் கிழக்கையோ தென்கிழக்கையோ பார்க்கும்படி நிறுத்துவார்கள். டர்பனில் டிசம்பரில்கூட ஏழு மணிக்குள் சூரியன் அடங்கிவிடும், ஜூனில் ஐந்து மணியைத் தாண்டியதுமே இருட்டத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு குடும்பமாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப முடிந்தது இதனால்தான். திரையின் உயரத்தையும் படத்திலிருந்தே கணக்கிடலாம். படத்தின் ஓரத்தில் நாளும் கடிகாரமும் பதிவாகியிருந்தால் அந்த நேரத்தில் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும். ஜூலை இறுதியில் நண்பகலில் இங்கே சூரியன் 40 பாகையை ஒட்டி நிற்கும். அப்போது 20 மீட்டர் நிழல் விழுந்தால் திரைக் கட்டமைப்பு ஏறக்குறைய 17 மீட்டர் உயரம். நம் பக்கம் நண்பகல் நிழல் தெற்கே விழும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படித்தான் நகருக்குத் தெற்கே ஓர் இடத்தைப் பிடித்தேன். இப்போது அது தனியார் கிடங்குகள் நிற்கும் நிலம் என்பதால் இடத்தைத் துல்லியமாகச் சொல்லவில்லை. 1960களின் தொடக்கத்துப் படத்தில் அங்கே கரும்பு. பத்து வருடத்துக்குப் பிந்தைய படத்தில் தெளிவான விசிறி, வெள்ளையாக ஒரு திரை. 1980களின் இறுதியில் விசிறியின் பாதியை இரும்புக் கூரைகள் மூடிவிட்டன. ஆனால் நடுப்படத்தில் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. பிரதான சாலையிலிருந்து ஒரு நுழைவாயில் இருக்கிறது, டிக்கெட் அறை தெரிகிறது, சரி. பின்பக்கம் மண்பாதை ஒன்றில் இன்னொரு சிறிய டிக்கெட் அறை எதற்கு? அந்தப் பாதையிலிருந்து ஒரு மெல்லிய கோடு விசிறியை வெட்டிக்கொண்டு போகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலைந்து வரிசைகள்தான், அவையும் ஓரத்தில்.

மெரபேங்கில் இருக்கும் பெரியப்பாவிடம் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோனேன். இளவயதில் தெற்குப் பக்கத்து டிரைவ்-இன்களுக்கு அவர் அடிக்கடி போனவர்.

“நீங்க எந்த வாசல் வழியா உள்ளே போனீங்க பெரியப்பா?”

“பின்னால மண்ரோடு ஒண்ணு இருந்துச்சுப்பா. அதுதான் நமக்கு. முன் வாசல்ல நம்ம வண்டி திரும்பினாலே கை காட்டிப் போகச் சொல்லிடுவாங்க.”

அந்தக் கோடு வேலி. வேலிக்கு ஓரத்துப் பக்கம் இந்தியர்கள், மறுபக்கம் வெள்ளையர்கள், திரை ஒன்றே. ஓரத்திலிருந்து பார்த்தால் முகங்கள் எல்லாம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஒல்லியாகத் தெரியும் என்றார். கடை முன்பக்கம் இருந்ததாம். அதனால் பெரியம்மா வீட்டிலிருந்தே பிரியாணியைப் பானையோடு துணியில் கட்டி எடுத்துப் போவாராம். கோம்பி வேனின் பின்கதவைத் திறந்து, கம்பளி விரித்து, பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர் சொன்னதையும் படத்தில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. காகிதத்தில் அந்தக் கோடு தலைமுடி அளவுகூட இல்லை.

இதற்குப் பின்னால் இருந்த சட்டங்களையும் குறிப்பில் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் அவை இல்லாமல் அந்த இரண்டாவது வாசல் விளங்காது. 1950இல் ஒவ்வொரு இனத்தாருக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கிய குழுப் பகுதிச் சட்டம், 1953இல் பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த தனி வசதிகள் சட்டம். 1965இல் வந்த ஓர் அரசு அறிவிப்பு, வேறு இனத்தாரின் பகுதியில் படம் பார்க்கப் போய் உட்காருவதையே அந்த இடத்தைக் கைக்கொள்வதாகக் கணக்கில் எடுத்தது. கேட்டோ மேனரிலிருந்தும் நகருக்கு அருகே இருந்த மற்ற இடங்களிலிருந்தும் நம் குடும்பங்கள் இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்ட பிறகு கிரே தெருவுக்குப் போய்வருவதே ஒரு பயணம் ஆகிவிட்டது. இரவுக் காட்சி முடிந்து பஸ் கிடைக்காது. யாராவது ஒருவரிடம் வண்டி இருந்தால் மூன்று குடும்பம் அதில் ஏறி டிரைவ்-இன்னுக்குப் போனது இதனால்தான் என்று சாட்ஸ்வர்த் அத்தைகள் சொல்கிறார்கள். வண்டிக்குள் இருக்கும்போது யாரும் எழுப்ப மாட்டார்கள், குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று ஓர் அத்தை சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

வயதானவர்களிடம் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெருப் பெயர்களைப் பழைய பெயரிலேயே கேளுங்கள். அவர்களுக்கு எட்வின் ஸ்வேல்ஸ் தெரியும், சாலமன் மஹ்லாங்கு சாலை என்றால் யோசிப்பார்கள். ஆர்கைல் சாலை தெரியும், சாண்டிலே துசி என்றால் தெரியாது. பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது. வருடம் கேட்காதீர்கள். ‘தொலைக்காட்சி வருவதற்கு முன்னாலா?’ என்று கேட்டால் உடனே பதில் வரும். இங்கே தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியது 1976 ஜனவரி 5இல்தான். அது எல்லோருக்கும் நினைவிருக்கும். பெட்ரோல் தட்டுப்பாடும் நல்ல அடையாளம். 1973 இறுதியில் வேக வரம்பை மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறைத்து, பெட்ரோல் நிலையங்களின் விற்பனை நேரத்தையும் சுருக்கினார்கள். வாரக்கடைசியில் பெட்ரோல் கிடைக்காவிட்டால் டிரைவ்-இன்னுக்கு எப்படிப் போவது? நான் பேசிய பலர் டிரைவ்-இன்னுக்குப் போவது குறைந்ததை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஞாயிறு படம் கிடையாது என்பதால் வெள்ளியும் சனியும்தான் டிரைவ்-இன் நடத்தியவர்களுக்கு வருமானம்.

குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் பழைய இந்திய வார இதழ்களைப் புரட்டும் வேலையும் நடக்கிறது. ‘லீடர்’ போன்ற இதழ்களில் திரைப்பட விளம்பரங்களைத் தனியாகப் பார்க்கிறேன். ஓர் இடத்தின் விளம்பரம் எந்த வாரம் நின்றது என்பது மூடிய காலத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடும். இது மெதுவான வேலை. இதைப் பற்றி இப்போதைக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை.

நேரில் போய்ப் பார்ப்பதைப் பற்றி எழுத வேண்டும். மழை பெய்த மறுநாள் போங்கள். கார் நிற்கும் மேடுகளுக்கு நடுவே இருந்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கி வளைவு வளைவாகத் தெரியும். இத்தனை வருடம் கழித்தும் நிலம் முழுதாகச் சமமாகவில்லை. புல்லுக்குள் சாண் உயரத்துக்குக் கான்கிரீட் முளைகள் ஒழுங்கான இடைவெளியில் நின்றால், அவை ஒலிபெருக்கிக் கம்பங்களின் அடிப்பகுதியாக இருக்கலாம். ஒரு கம்பத்தில் இரண்டு ஒலிபெருக்கி, இரு பக்கமும் நிற்கும் கார்களுக்கு ஒவ்வொன்று. ஜன்னல் கண்ணாடியில் மாட்டிக்கொள்வார்கள். பின்னாளில் ஒலி காரின் வானொலிக்கே வந்ததால் கம்பங்கள் தேவையில்லாமல் போயின. அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் போன இடங்களில் காவலாளிகள் காரணம் கேட்டதும் ஆர்வமாகிக் கூடவே நடந்து வந்தார்கள்.

டர்பன் கடற்கரைப் பக்கம் இருந்தது இன்றும் பேச்சில் ‘பழைய டிரைவ்-இன் இடம்’ என்றே வழங்குவதால் அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஜோகனஸ்பர்க்கின் டாப் ஸ்டார் டிரைவ்-இன் வேறு மாதிரி. அது நகருக்குத் தெற்கே தங்கச் சுரங்கக் கழிவு மண் மேட்டின் உச்சியில் இருந்தது. மேட்டின் மேலிருந்து நகர விளக்குகளும் தெரியும், திரையும் தெரியும். 2000களில் மூடினார்கள். பழைய காலத்தில் பிரித்தெடுக்க முடியாமல் விட்ட தங்கம் அந்த மண்ணில் இன்னும் இருந்ததால், பிறகு மேட்டையே கரைத்து எடுத்துவிட்டார்கள். அழுத்தமான நீர்ப்பீச்சால் மண்ணைக் குழம்பாக்கிக் குழாயில் ஆலைக்கு அனுப்புவது அங்கே வழக்கமான முறை. வருடவாரியாகச் செயற்கைக்கோள் படங்களை நகர்த்திப் பார்த்தால் உச்சியில் இருந்த விசிறி முதலில் மறைகிறது, பிறகு மேடே இல்லாமல் போகிறது. அங்கே மழைக்கு மறுநாள் போய் நிற்க எந்த நிலமும் கிடையாது. அங்கே போனவர்களின் பேச்சும் பழைய படங்களும்தான் மிச்சம்.

மற்றவை பெரும்பாலும் கடைத்தொகுதிகளாகவும் கிடங்குகளாகவும் ஆகிவிட்டன. அதற்குக் காரணம் தெளிவு. பத்துப் பன்னிரண்டு ஏக்கர் ஒரே பட்டாவில், பிரதான சாலையை ஒட்டி, சமன்படுத்திய நிலமாக வேறு எங்கே கிடைக்கும்? வீடியோ கேசட் வீட்டுக்குள் வந்த காலமும் நிலத்தின் விலை ஏறிய காலமும் ஒன்றாக அமைந்தன.

அடுத்து வடக்குப் பக்கம், ஃபீனிக்ஸ், வெருலம் திசையில் பட்டைகளைக் கேட்டிருக்கிறேன். அங்கே கரும்பு அதிகம், ஆகவே வளைவுச் சோதனையை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியிருக்கும். ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எல்லா ஊர்களிலிருந்தும் பெரியவர்கள் வருவார்கள். அச்செடுத்த படங்களோடு அங்கே போவதாக இருக்கிறேன். பின்வாசல் வழியாகப் போன யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், எந்தச் சாலையில் திரும்பினீர்கள், திரை இடப்பக்கமா வலப்பக்கமா என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். அந்த இரண்டு விவரம் இருந்தால் எந்தப் பட்டையில் தேடுவது என்பது தெரிந்துவிடும்.