தெரியாத புள்ளியும் இல்லாத புள்ளியும்

சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படம் திரையில் வந்ததும் கண் தானாகச் சிவப்புப் புள்ளிகளைத் தேடத் தொடங்கிவிடும். அதற்கு முன் படம் தரம் பிரிக்க, அதாவது நோய் எந்தப் படியில் இருக்கிறது என்று குறிக்க, தகுந்ததா என்று பார்த்துவிட வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவை ஒட்டிய மெல்லிய ரத்தக் குழாய்கள் கலங்கித் தெரிந்தால், அந்தப் படத்தில் மைக்ரோ அனூரிசம் (நுண் ரத்தக் குழாயின் சுவரில் வரும் சிறு புடைப்பு) இருந்தாலும் தெரியாது. அதற்கு ‘நோய் இல்லை’ என்று குறிப்பதைவிட ஆபத்தான பிழை இந்த வேலையில் இல்லை. ‘தரம் பிரிக்க இயலாது’ என்று தனியாகப் பதிந்து, அவரை நேரடிப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். கலங்கிய படங்கள் பெரும்பாலும் கண்புரை உள்ளவர்களுடையவை. வயதும் சர்க்கரையின் காலமும் கூடியவர்கள் அவர்கள்தான் என்பதால், அங்கே நோய் இருக்கும் வாய்ப்பும் கூடுதல்.

கலக்கத்தில் ஒரு பகுதியைக் கேமரா அறையிலேயே தவிர்க்கலாம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இல்லாமல் எடுப்பதென்றால், அறையை இருட்டாக்கிச் சில நிமிடம் உட்கார வைக்க வேண்டும். ஒரு கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் இரண்டு கண்மணிகளும் சுருங்கும். உடனே மறு கண்ணுக்குப் போனால் ஓரம் இருண்ட படமே கிடைக்கும். கண்மணி விரியவில்லையா, ட்ராபிகமைடு சொட்டு மருந்து விட்டு 20 முதல் 30 நிமிடம் காத்திருப்பது நல்லது. 45 டிகிரி படம் கண்ணுக்கு இரண்டு வேண்டும்: மாகுலாவை நடுவில் வைத்து ஒன்று, பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வட்டமான ஆப்டிக் டிஸ்க்கை நடுவில் வைத்து ஒன்று. அடுத்தடுத்த நோயாளிகளிலும் ஒரே இடத்தில் ஒரே புள்ளி வந்தால் அது லென்ஸில் ஒட்டிய தூசி.

சர்க்கரையால் வரும் விழித்திரை நோய்க்கு 2003இல் வந்த சர்வதேச அளவுகோலில் ஐந்து படிகள், முதல் படி ‘நோய் இல்லை’. மைக்ரோ அனூரிசம் மட்டும் இருந்தால் லேசானது. அதற்கு மேல் ஒரு ரத்தக்கசிவோ எக்ஸுடேட்டோ (குழாயிலிருந்து கசிந்து படிந்த கொழுப்பு) இருந்தாலே மிதமானது. தகராறு பெரும்பாலும் இந்த எல்லையில்தான் வரும். சிறிய கசிவும் அனூரிசமும் ஒரே மாதிரி சிவப்பு. பச்சை வடிகட்டியில் பார்த்தால் இரண்டும் எடுப்பாகத் தெரியும், ஆனால் எது எது என்று எப்போதும் பிரிந்துவிடாது. டிஸ்க் ஓரத்துச் சிரையின் அகலத்தை, அதாவது சுமார் 125 மைக்ரானை, தாண்டினால் கசிவாகக் கொள்வது வழக்கம்.

தீவிரமானதற்கு 4-2-1 விதி: விழித்திரையின் நான்கு கால்பகுதியிலும் தலா இருபதுக்கு மேல் கசிவு, இரண்டில் மணிமாலை போன்ற சிரை, ஒன்றில் தெளிவான ஐஆர்எம்ஏ (விழித்திரைக்குள் தாறுமாறாக விரிந்த நுண்குழாய்கள்). மூன்றில் எது இருந்தாலும் போதும். ஐஆர்எம்ஏ விழித்திரைக்குள்ளேயே நெளியும். பெரிய நாளங்களின் மேலே குறுக்கே ஏறினால் நோயால் புதிதாக முளைத்த குழாயைச் சந்தேகிக்க வேண்டும். அது ஐந்தாம் படி. சந்தேகம் தீராவிட்டால் மேல் படியில் வைத்து அனுப்புங்கள்.

மாகுலா வீக்கம் ஒற்றைப் படத்தில் தெரியாது, தடிப்புக்கு ஆழம் வேண்டும். மாகுலாவின் மையக் குழியான ஃபோவியாவுக்கு ஒரு டிஸ்க் விட்டத்துக்குள் எக்ஸுடேட் இருந்தால், விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வதே வழி. எக்ஸுடேட் மஞ்சளாக, கூர்மையான விளிம்போடு, பல நேரம் வளையமாக அமையும். ரத்த ஓட்டம் தடைபட்ட இடத்தில் வரும் காட்டன் வூல் புள்ளி வெளிறி, ஓரம் கலைந்திருக்கும். வயதானவர்களின் விழித்திரைக்கு அடியில் சேரும் மஞ்சள் படிவான ட்ரூசன்தான் எக்ஸுடேட்டாக நம்மை ஏமாற்றும். அருகில் அனூரிசமோ கசிவோ இருக்கிறதா என்று தேடிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

படத்தைத் தானே தரம் பிரிக்கும் மென்பொருளுக்கும் இதே சிக்கல்கள்தான். 3000 பிக்சல் அகலப் படத்தில் 50 மைக்ரான் அனூரிசம் ஏறத்தாழ பன்னிரண்டு பிக்சல் பிடிக்கும். படத்தை 224 பிக்சல் அகலமாகச் சுருக்கினால் ஒரு பிக்சல்கூட மிஞ்சாது. லேசான நோயைத் தவறவிடும் மாடல்களில் நாம் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒருவரின் வலக்கண் மாடலின் பயிற்சிப் படங்களிலும் இடக்கண் சோதனைப் படங்களிலும் இருந்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும். ஆளை வைத்துப் பிரிக்க வேண்டும், படத்தை வைத்து அல்ல. நூற்றில் 75 படம் நோயற்றவை என்றால், எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்னும் மாடலும் 75 சதவீதத் துல்லியம் காட்டும். அதனால் உணர்திறனையும் (நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது) தனித்தன்மையையும் (நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக ‘இல்லை’ என்கிறது) தனித்தனியாகக் கேளுங்கள். 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த ஐடிஎக்ஸ்-டிஆர் என்னும் மென்பொருள், படத்தின் தரம் போதாவிட்டால் முடிவு சொல்லாமல் அதைத் தெரிவிக்கும். வாங்கப்போகும் எந்த மென்பொருளிலும் கலங்கிய படங்களைக் கொடுத்து இதைச் சோதித்துவிடுங்கள். சோதனைக் கணக்கில் அவற்றை ஒதுக்கிவிட்டு எண் காட்டுகிறார்களா என்றும் கேளுங்கள்.